காருக்குக் கீழே வெளிச்சம்: பூட்ட முதல் ஒரு பாடம்



போன எபிசோட் முடிவில "அடுத்த மடலில என்ன பாடம் வேணும்?" என்று கேட்டிருந்தோம். வந்த பதில்களில கனபேர் கேட்டது ஒரே விஷயம்தான்: காருக்குக் கீழே கலர் லைற் பூட்டுறது எப்பிடி? "அண்டர்குளோ" என்று நாங்கள் சொல்லுற அதே சாமான். ஸ்காபரோவில கோடை காலத்து வெள்ளிக்கிழமை இரவில ஒரு பெரிய பார்க்கிங் லொட்டுக்குப் போனால், நாலு காருக்கு ஒரு கார் ஊதா நிறத்தில மிதந்துகொண்டு நிக்கும். வடிவுதான், மறுக்கேலாது.

நான் மெக்கானிக் இல்லை. ஐரி கொன்ராக்ற் வேலை, படிச்சது கொம்பியூட்டர் சயன்ஸ். ஆனால் இந்த வேலையை எங்கட துறையின்ர கண்ணாலயும் பார்க்கலாம். உங்கட கார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற ஒரு சிஸ்ரம். அதை உங்களைவிட வேற ஆக்களும் பாவிக்கினம். அதில நீங்கள் புதுசா ஒரு பகுதியைச் சேர்க்கப் போறீங்கள். அப்ப கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கரன்ற் எங்க இருந்து வருது? அது எப்ப நிக்கும்? ஏதாவது பிழைச்சால் எது முதலில எரியும்?

லைற்றை ஒட்டுறது ஒரு பின்னேர வேலை. இந்த மூன்று கேள்விக்கும் பதில் எடுக்கிறதுதான் இண்டைய பாடம்.

முதலில, அது நியோன் இல்லை

எல்லாரும் "நியோன்" என்று சொன்னாலும், இண்டைக்கு விக்கிறதில நியோன் இல்லை. நியோன் ஒரு வாயு. 1898இல லண்டனில வில்லியம் ராம்சேயும் மொறிஸ் ட்ராவர்ஸும் அதைக் கண்டுபிடிச்சினம். கிரேக்க மொழியில "புதியது" என்று அர்த்தம் வாற சொல்லில இருந்து பெயர் வைச்சினம். 1910 டிசம்பரில பிரான்ஸ்காரர் ஜோர்ஜ் குளோட் அந்த வாயுவைக் கண்ணாடிக் குழாயில அடைச்சு, எரிய வைச்சு மக்களுக்குக் காட்டினார். எங்க தெரியுமோ? பாரிஸ் கார் கண்காட்சியில. ஆகவே நியோனுக்கும் காருக்கும் உள்ள சொந்தம் நூறு வருசத்துக்கு மேல பழசு.

தனி நியோன் செம்மஞ்சள் கலந்த சிவப்பாத்தான் எரியும். நீல நிறத்துக்கு ஆர்கனும் கொஞ்சம் பாதரசமும் வேணும். ஒரு குழாயை எரிய வைக்க ஆயிரக்கணக்கான வோல்ற் வேணும், அதுக்கு ஒரு ட்ரான்ஸ்போமர் வேணும். 2001இல வந்த "த ஃபாஸ்ற் அன்ட் த ஃபியூரியஸ்" படத்தையும், 2003இல வந்த "நீட் ஃபோர் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட்" கேமையும் பார்த்து எங்கட அண்ணாமார் ஆசைப்பட்ட காலத்தில, காருக்குக் கீழே பூட்டினது அந்தக் கண்ணாடிக் குழாய்தான். ஒரு கல் தெறிச்சால் காசு போச்சு.

இப்ப நாங்கள் பூட்டுறது எல்ஈடி. சிவப்பு எல்ஈடி 1962இலயே வந்திட்டுது. நல்ல வெளிச்சமான நீல எல்ஈடிக்கு 1990கள் வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்தது. அதைச் செய்த அகசாகி, அமானோ, நகமுரா மூண்டு பேருக்கும் 2014இல பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைச்சது. நீலம் இல்லாமல் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து மற்ற நிறங்களைச் செய்யேலாது. உங்கட காருக்குக் கீழே தெரியிற அந்த ஊதா, நோபல் பரிசு வாங்கின ஊதா!

கணக்கு: வாற், அம்பியர், பியூஸ்

ஒரு சாதாரண செடானை எடுப்பம். பக்கத்துக்கு ஒரு 120 சென்ரிமீற்றர் பட்டி, முன்னுக்கும் பின்னுக்கும் 90 சென்ரிமீற்றர் பட்டி. மொத்தம் 4.2 மீற்றர். மீற்றருக்கு 60 எல்ஈடி இருக்கிற 5050 ரகப் பட்டி, முழு வெள்ளையில எரியேக்க, மீற்றருக்கு ஏறத்தாழ 14.4 வாற் எடுக்கும்.

4.2 × 14.4 = கிட்டத்தட்ட 60 வாற்.
60 ÷ 12 = 5 அம்பியர்.

பியூஸ் இதைவிடக் கொஞ்சம் கூட இருக்க வேணும். பியூஸின் அளவில 80 வீதத்துக்கு மேல தொடர்ந்து இழுக்காமல் இருக்கிறது நல்ல பழக்கம். 5 ÷ 0.8 = 6.25. கடையில கிடைக்கிற அடுத்த அளவு 7.5 அம்பியர். அதுதான் உங்கட பியூஸ். "10 இருந்தால் என்ன, 30 இருந்தால் என்ன" என்று நினைக்காதேங்கோ.

ஏனென்றால் பியூஸ் காப்பாற்றுறது வயரை. லைற்றைக் காப்பாற்றுறது அதின்ர வேலையில்லை. கார் பற்றரி, எஞ்சினைச் சுத்த வைக்க நூற்றுக்கணக்கான அம்பியரை ஒரே நேரத்தில குடுக்கக்கூடிய சாமான். உங்கட மெல்லிய சிவப்பு வயர் எங்கயாவது காரின்ர இரும்பில முட்டினால், அந்த நூற்றுக்கணக்கான அம்பியரும் அந்த வயருக்குள்ளால போகப் பார்க்கும். வயர் அடுப்புக் கம்பி மாதிரிச் சிவக்கும். பக்கத்தில பிளாஸ்ரிக், காபெற், சத்த உறை எல்லாம் இருக்கு. பியூஸ் இருந்தால் அது ஒரு கணத்தில உருகிக் கதையை முடிச்சிடும்.

அதனால பியூஸ் இருக்க வேண்டிய இடம் பற்றரிக்குப் பக்கத்தில, ஒரு சாண் தூரத்துக்குள்ள. லைற்றுக்குப் பக்கத்தில பியூஸை வைச்சால், பற்றரியில இருந்து அந்தப் பியூஸ் வரைக்கும் உள்ள வயருக்குக் காவல் இல்லை.

14.4 வோல்ற்றின்ர விளையாட்டு

வீட்டு ரீவிக்குப் பின்னால ஒட்டுற 12 வோல்ற் பட்டியை வாங்கிக் காரில ஒட்டலாமோ என்று ரெண்டு பேர் கேட்டிருந்தீங்கள். காரும் 12 வோல்ற்தானே?

எஞ்சின் நிக்கேக்க பற்றரி 12.6 வோல்ற் அளவில இருக்கும். எஞ்சின் ஓடேக்க ஓல்ரனேற்றர் பற்றரியைச் சார்ஜ் பண்ணும். அப்ப 13.8இல இருந்து 14.4 வரைக்கும் ஏறும். 12க்கும் 14.4க்கும் வித்தியாசம் 20 வீதம்தான். ஆனால் அந்தப் பட்டிக்குள்ள நடக்கிறது வேற.

பட்டியில நீல எல்ஈடி மூண்டு வரிசையா இருக்கும். ஒண்டுக்கு 3.2 வோல்ற் என்று வைச்சால் மூண்டுக்கும் 9.6 வோல்ற். மிச்சத்தை ஒரு சின்ன ரெசிஸ்ரர் தாங்கும். 12 வோல்ற்றில அந்த மிச்சம் 2.4. 14.4 வோல்ற்றில அது 4.8. ரெசிஸ்ரரில வோல்றேஜ் இரட்டிச்சால் கரன்றும் கிட்டத்தட்ட இரட்டிக்கும். வெளியில 20 வீதக் கூடுதல், உள்ளுக்கு ஏறத்தாழ ரெண்டு மடங்கு. எல்ஈடி சூடாகும், கெதியில செத்துப்போகும். நீங்கள் போட்ட 5 அம்பியர் கணக்கும் பிழைச்சுப்போகும்.

ஆகவே வாகனத்துக்கென்று செய்த, கரன்றைக் கட்டுப்படுத்துற பட்டியை வாங்குங்கோ. வாங்கின பிறகும் எஞ்சினை ஓடவிட்டு, முழு வெள்ளையில வைச்சு, மல்ற்றிமீற்றரால கரன்றை அளந்து பாருங்கோ. பியூஸை அந்த அளவில இருந்து தெரியுங்கோ. பெட்டியில அச்சடிச்ச எண்ணைவிட நீங்கள் அளந்த எண் பெறுமதியானது.

வயரின்ர மொத்தத்தையும் பாருங்கோ. 18 கேஜ் செப்பு வயரில ஒரு மீற்றருக்கு 0.021 ஓம் தடை இருக்கு. பற்றரியில இருந்து பின் பம்பருக்குப் போய் வர 10 மீற்றர் என்றால் 0.21 ஓம். 5 அம்பியர் போனால் வழியிலயே 1 வோல்ற் தொலையும். நீலமும் பச்சையும் 9.6 வோல்ற் கேட்கிற ஆக்கள், சிவப்பு 6 வோல்ற்றோட சமாளிக்கிற ஆள். அதனால வோல்றேஜ் குறையேக்க முதலில மங்குறது நீலமும் பச்சையும். முன்பக்கம் வெள்ளையா இருக்க, பின்பக்கம் வெள்ளை கொஞ்சம் சிவந்து தெரியுது என்றால் பட்டி பழுதில்லை, வயர் மெல்லிசு. 16 கேஜ் போடுங்கோ.

நித்திரையில குடிக்கிற கரன்ற்

இப்ப ரெண்டாவது கேள்வி: எப்ப நிக்கும்? இதைத்தான் யூரியூப் வீடியோக்களில கனபேர் சொல்லுறதில்லை.

போன வருசம் ஜனவரியில எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி போன் எடுத்தார். மோல்வேர்ன் பக்கம் இருக்கிறவர், காலேஜ் ரெண்டாம் வருசம். "அண்ணா, கார் ஸ்ராற் ஆகுதில்லை. அம்மா வேலைக்குப் போகேலாமல் போட்டுது" எண்டார். கார் அம்மாவின்ர. அவ ஒரு முதியோர் இல்லத்தில வேலை. திங்கட்கிழமை விடிய 5 மணிக்கு வெளிக்கிட வேணும். ஸ்காபரோ ஆர்ரி ரயிலும் 2023 ஜூலையில தடம் புரண்டதோட மூடுப்பட்டுப் போச்சு. விடிய 5 மணிக்கு, மைனஸ் 19இல, பஸ் மாறி மாறிப் போறது எண்டால் என்ன என்று உங்கட வீட்டில யாரையும் கேட்டுப் பாருங்கோ.

நான் பின்னேரம் போய்ப் பார்த்தன். தம்பி கெட்டிக்காரன். ஒவ்வொரு எல்ஈடியையும் தனித்தனியா நிறம் மாத்தக்கூடிய டபிள்யூஎஸ்2812 பட்டி, வைஃபையோட ஈஎஸ்பி32 கொன்றோலர், அதில டபிள்யூஎல்ஈடி என்ற திறந்த மூல மென்பொருள். எல்லாம் வடிவா வேலை செய்யுது. போனில "ஓஃப்" அமத்தினால் வெளிச்சம் நிக்கும்.

வெளிச்சம்தான் நிக்கும். கரன்ற் நிக்காது. கணக்கைப் பாருங்கோ. 4.2 மீற்றரில 252 எல்ஈடி. ஒவ்வொண்டுக்குள்ளயும் ஒரு குட்டிச் சிப் இருக்கு. நிறம் கறுப்பா இருந்தாலும் அது "அடுத்த கட்டளை என்ன?" என்று முழிச்சுக்கொண்டிருக்கும். அதுக்கு ஏறத்தாழ 1 மில்லி அம்பியர். 252க்கும் சேர்த்து கால் அம்பியர். கொன்றோலருக்கு 0.1 அம்பியர். 5 வோல்ற்றில இது 1.75 வாற். 12 வோல்ற்றை 5 ஆக்குற கொன்வேற்றரின்ர நட்டத்தையும் சேர்த்தால் 2 வாற் சொச்சம். பற்றரிப் பக்கத்தில அது 0.16 அம்பியர்.

கார் நிண்டது வெள்ளி பின்னேரம் 6 மணியில இருந்து திங்கள் விடிய 5 மணி வரைக்கும், 59 மணித்தியாலம். 59 × 0.16 = 9.4 அம்பியர்-மணி. அந்தப் பற்றரியின்ர மொத்தக் கொள்ளளவு 45. அஞ்சில ஒரு பங்கு போட்டுது. கோடையில என்றால் அப்பவும் ஸ்ராற் ஆகியிருக்கும். கடும் குளிரில பற்றரியின்ர பலம் பாதிக்கும் கீழ போகலாம், எஞ்சின் எண்ணெயும் தடிச்சு இருக்கும். அந்த அஞ்சில ஒரு பங்குதான் அம்மாவின்ர ஷிப்ற்.

ஆனால் சொல்லவேண்டிய விஷயம் இன்னும் இருக்கு. பொனற்றைத் திறந்து வயரைப் பின்தொடர்ந்து போனால், சிவப்பு வயர் பற்றரியில நேரே பூட்டியிருக்கு. பியூஸ் இல்லை. எஞ்சின் அறைக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில இருக்கிற தகட்டு ஓட்டைக்குள்ளால, ரப்பர் வளையம் இல்லாமல் போகுது. தகட்டு விளிம்பு வயரின்ர தோலை அரைவாசி அறுத்துப் போட்டுது. உள்ளுக்குச் செப்பு தெரியாததுதான் குறை.

"தம்பி, பற்றரி செத்தது நல்லகாலம்" எண்டன். அவருக்கு உடன விளங்கேல்லை. வயரைக் கையில பிடிச்சுக் காட்டின பிறகு ஒண்டும் கதைக்கேல்லை. கொஞ்ச நேரத்தால, "அம்மாட்டச் சொல்ல வேணுமோ அண்ணா?" எண்டு கேட்டார். "கார் அவவின்ரதானே, சொல்லத்தான் வேணும். ஆனால் திருத்திப்போட்டுச் சொல்லுவம்" எண்டன். அண்டைக்கு இரவே திருத்தினம்.

எப்பிடித் திருத்தினம், எப்பிடிப் பூட்ட வேணும்

1. காசுக்குக் குறைவான வழி பியூஸ் ராப். கார் திறப்புப் போட்டால் மட்டும் உயிர் வாற ஒரு பியூஸ் இடத்தில அதைச் செருகலாம். முன்சீற் 12 வோல்ற் சொக்கெற் பொருத்தமானது. ஆனால் சில கார்களில அந்தச் சொக்கெற் எப்பவும் உயிரோட இருக்கும். திறப்பை எடுத்துப்போட்டு மல்ற்றிமீற்றரால பாருங்கோ. எயர்பாக், ஏபிஎஸ் பிரேக், எஞ்சின் கொம்பியூட்டர் பியூஸுகளைத் தொடவே வேண்டாம்.

2. கரன்ற் கூட என்றால் ரிலே. பற்றரியில இருந்து பியூஸோட ஒரு வயர் ரிலேக்கு. ரிலேயைத் திறக்கிற சிக்னல் திறப்போட உயிர் வாற இடத்தில இருந்து. திறப்பை எடுத்தால் ரிலே விடும், லைற், கொன்றோலர், சிப் எல்லாத்துக்கும் சேர்த்து கரன்ற் வெட்டுப்படும். தம்பியின்ர காருக்கு இதைத்தான் செய்தனாங்கள்.

3. வேலை தொடங்க முதல் பற்றரியின்ர கறுப்புப் பக்கத்தைக் கழற்றுங்கோ. மின்சாரக் கார், ஹைபிரிட் என்றால் செம்மஞ்சள் நிற வயர்களுக்குக் கிட்டப் போகக்கூடாது. அது உயிரை எடுக்கிற வோல்றேஜ். அந்தக் கார்களுக்கு இந்த வேலையை அதைப் படிச்ச ஆக்களிட்ட விடுங்கோ.

4. ஜாக் மட்டும் தாங்குற காருக்குக் கீழே தலையை வைக்காதேங்கோ. சமதரையில ஜாக்கால உயர்த்தி, கார் கையேட்டில காட்டியிருக்கிற இடத்தில ஸ்ராண்ட் வைச்சு, கையால ஒருக்கால் தள்ளிப் பார்த்திட்டு உள்ளுக்குப் போங்கோ. நிக்கிற சில்லுக்குக் கட்டை வையுங்கோ. ஆரையாவது பக்கத்தில வைச்சிருங்கோ. ஜாக் வழுக்கினால் கூப்பிடுறதுக்கு உங்களுக்கு மூச்சிருக்காது.

5. ஒட்டுற இடத்தை முதலில சவர்க்காரத் தண்ணியால, பிறகு ஐசோபுறோபைல் அல்ககோலால துடையுங்கோ. இருபக்கம் ஒட்டுற ரேப்புகள் 10 பாகைக்குக் கீழே சரியாப் பிடிக்காது. ஆகவே இது மேயில இருந்து செப்ரெம்பர் வரைக்கும் செய்யிற வேலை. ரேப்போட கிளிப்பும் போடுங்கோ. 401இல ஒரு பட்டி கழண்டு பின்னால வாறவரின்ர கண்ணாடியில அடிச்சால் அது உங்கட பொறுப்பு.

6. புதுசா ஓட்டை துளைக்காதேங்கோ. இந்த ஊரில றோட்டுக்குப் போடுற உப்பு, துளைச்ச இடத்தில இருந்துதான் துருவைத் தொடங்கும். ஏற்கெனவே இருக்கிற ரப்பர் மூடி வழியா வயரைக் கொண்டு போங்கோ. தகட்டுக்குள்ளால போற இடத்தில ரப்பர் வளையம் கட்டாயம்.

7. வயரைக் கடிச்சுப் பிடிக்கிற மலிவான கனெக்ரர் காருக்குக் கீழே கூடாது. அது வயரின்ர தோலில ஓட்டை போடும், உப்புத்தண்ணி உள்ளுக்குப் போகும், செப்பு பச்சை பிடிக்கும். ஒரு மாரி காணும். சூடாக்கினால் சுருங்கி, உள்ளுக்கு பசை உருகி மூடுற குழாய் போட்ட இணைப்பைப் பாவியுங்கோ. பட்டி ஐபி67 அல்லது ஐபி68 தரமா என்று பாருங்கோ. கடைசி எண்தான் தண்ணிக்கானது.

8. எக்ஸோஸ்ற் குழாய், சுழலுற பாகங்கள், ஸ்ரியரிங் அசையிற இடம் மூண்டுக்கும் வயரைத் தூர வைச்சுக் கட்டுங்கோ. ஸ்ரியரிங்கை ரெண்டு பக்கமும் முழுக்கச் சுத்திப் பாருங்கோ.

கோட் எழுதுற ஆக்களுக்கு

டபிள்யூஎஸ்2812இல ஒவ்வொரு எல்ஈடிக்கும் 24 பிற். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொண்டுக்கும் 8. ஆகவே 1,67,77,216 நிறங்கள். டேற்றா ஒரே வயரில, செக்கனுக்கு 8 லட்சம் பிற் வேகத்தில போகும். முதல் எல்ஈடி தன்ர 24 பிற்றை எடுத்து வைச்சுக்கொண்டு மிச்சத்தை அடுத்ததுக்குக் கடத்தும். கோவில் பந்தியில வாளி கைமாறிப் போற மாதிரி. இதால ஒரு விளைவு: நடுவில ஒண்டு செத்தால் அதுக்குப் பிறகு உள்ள எல்லாம் கட்டளை கிடைக்காமல் போகும்.

252 எல்ஈடிக்கும் ஒரு பிரேம் அனுப்ப 252 × 24 = 6,048 பிற், அதாவது 7.5 மில்லி செக்கன் அளவில. செக்கனுக்கு 60 பிரேம் தாராளமா ஓடும்.

மென்பொருளில கட்டாயம் செய்யவேண்டியது கரன்ற் எல்லை. முழு வெள்ளையில ஒரு எல்ஈடி 60 மில்லி அம்பியர் வரை இழுக்கலாம். 252க்கு அது 15 அம்பியர். டபிள்யூஎல்ஈடியில உச்சக் கரன்றை ஒரு எண்ணாக் குடுக்கலாம், அதுக்கு மேல போகாமல் அது வெளிச்சத்தைத் தானாகக் குறைக்கும். ஆனால் மென்பொருள் எல்லை இருக்கெண்டு பியூஸை விடக்கூடாது. கோட்டில பக் இருக்கும். பியூஸில பக் இல்லை.

பொலிஸ், இன்சூரன்ஸ்

ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில லைற் பற்றின விதிகள் 62ஆம் பிரிவில இருக்கு. அரசின்ர இ-லோஸ் தளத்தில அதை நீங்களே வாசிக்கலாம். நெஞ்சில வைச்சிருக்க வேண்டியது இவ்வளவு:

அவசர சேவை போல ஒரு சில வாகனங்களைத் தவிர மற்றவை முன்பக்கம் சிவப்பு வெளிச்சம் வீசக்கூடாது. சிமிட்டுற சிவப்பும் நீலமும் பொலிஸின்ர. சிமிட்டுற நீலம் பனி வழிக்கிற வாகனங்களின்ர. சிமிட்டுற பச்சை தொண்டர் தீயணைப்பு வீரர்களின்ர. பின் நம்பர் பிளேற்றுக்கு வெள்ளை வெளிச்சம் வேணும், அதின்ர நிறத்தை உங்கட லைற் மாத்தக்கூடாது.

ஆகவே பட்டி நிலத்தைப் பார்க்க வேணும், எல்ஈடி நேரே ஆருடைய கண்ணிலயும் படக்கூடாது. ஓடுற நிறம், சிமிட்டுற நிறம் எல்லாம் கார் நிக்கேக்க மட்டும். என்ர அறிவுரை, றோட்டில ஏறேக்க முழுக்க அணைக்கிறதுதான். அதுக்கு கியர் "பார்க்"கில இருந்தால் மட்டும் எரியிற மாதிரி ஒரு சுவிச் வைக்கலாம், அல்லது கையால அணைக்கலாம்.

இன்னொண்டு. லைற் பார்வையை இழுக்கும். பார்வை இழுபடுற காரில ஓட்டமும் கவனமா இருக்க வேணும். 172ஆம் பிரிவின்படி, ஸ்ரண்ட் ஓட்டம் என்று பொலிஸ் மறிச்சால், 2021 மாற்றங்களுக்குப் பிறகு அந்த இடத்திலயே லைசன்ஸ் 30 நாள், கார் 14 நாள் போகும். கார் அம்மாவின்ர பெயரில இருந்தாலும் அதுதான் போகும்.

இன்சூரன்ஸ்: ஒன்ராறியோவின் பொதுக் கார்க் காப்புறுதி ஒப்பந்தம், ஆபத்தைக் கூட்டக்கூடிய முக்கியமான மாற்றங்களை உடன அறிவிக்கச் சொல்லுது. அலங்கார லைற் அதில வருமா என்று ஊகிக்க வேண்டாம். புரோக்கருக்கு ஒரு ஈமெயில் அனுப்பி, வந்த பதிலை வைச்சிருங்கோ. லீஸ் கார் என்றால் லீஸ் ஒப்பந்தத்தையும் வாசியுங்கோ.

ஊரிலயும் இதே கதை ஓடுது. 2025 தொடக்கத்தில இலங்கைப் பொலிஸ் "கிளீன் ஸ்ரீலங்கா" திட்டத்தோட சேர்த்து, பஸ்களிலயும் ஓட்டோக்களிலயும் பிறகு பூட்டின லைற்றுகளையும் அலங்காரச் சாமான்களையும் கழற்றச் சொல்லி இறங்கினது. பஸ்காரரும் ஓட்டோக்காரரும் எதிர்ப்புத் தெரிவிச்சினம். வெளிச்சத்தில ஆசை எங்களுக்கு ஸ்காபரோவில வந்த வியாதி இல்லை.

வீட்டில விளங்கப்படுத்த நாலு சொல்

கார் அப்பா அம்மாவின்ர என்றால் பூட்ட முதல் கேளுங்கோ. "கூல்" என்று சொன்னால் அவைக்கு விளங்காது. ஆனால் ஊரில தமிழில விஞ்ஞானம் படிச்ச ஆக்களுக்கு இந்தச் சொற்கள் நல்லாத் தெரியும்.

பியூஸுக்கு உருகி. சுவிச்சுக்கு ஆளி. கரன்றுக்கு மின்னோட்டம். எல்ஈடிக்கு ஒளிகாலும் இருவாயி.

இப்ப சொல்லிப் பாருங்கோ: "அப்பா, பற்றரிக்குப் பக்கத்தில உருகி போட்டிருக்கு. திறப்பை எடுத்தால் மின்னோட்டம் முழுக்க நிக்கும். தனி ஆளியும் இருக்கு." அந்தத் தம்பி தன்ர அம்மாவுக்கு இப்பிடித்தான் சொன்னவர். அவ ஓலெவலில விஞ்ஞானத்தில டி எடுத்தவவாம். "உருகி எத்தினை அம்பியர்?" எண்டு திருப்பிக் கேட்டா. அவர் 7.5 எண்டார். "ஏன் ஏழரை?" எண்டா. மேல இருக்கிற கணக்கு முழுக்க அவர் சொல்ல வேண்டி வந்தது. லைற் இப்பவும் அந்தக் காரில இருக்கு.

இந்தக் கிழமை வீட்டுவேலை

லைற் வாங்க முதல் உங்கட கார் இப்பவே நித்திரையில எவ்வளவு குடிக்குது என்று அளவுங்கோ. மல்ற்றிமீற்றரை 10 அம்பியர் அளவில வையுங்கோ. பற்றரியின்ர கறுப்பு வயரைக் கழற்றி, வயருக்கும் பற்றரிக் கறுப்பு முனைக்கும் நடுவில மீற்றரைப் பூட்டுங்கோ. கதவுகளை மூடி, அரை மணித்தியாலத்துக்கு மேல பொறுங்கோ, கார் கொம்பியூட்டர்கள் நித்திரைக்குப் போக நேரம் வேணும். இந்த நேரத்தில ஸ்ராற் பண்ணக்கூடாது, மீற்றரின்ர பியூஸ் போகும்.

50 மில்லி அம்பியருக்குக் கீழே வந்தால் நல்லது. கூட வந்தால் லைற்றை மறந்திட்டு முதலில அதைத் தேடுங்கோ. உங்கட எண்ணையும் காரின்ர வருசத்தையும் எங்களுக்கு அனுப்புங்கோ, அடுத்த எபிசோட்டில வாசிக்கிறம். லைற் பூட்டின பிறகு திரும்ப ஒருக்கால் அளவுங்கோ. ரெண்டு எண்ணும் ஒண்டா இருந்தால் வேலை சரி.